மேசைக்கு ஐந்து பேர்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்ற மேசைக் கதை விளையாட்டுக்குத் தேவையான சாமான்கள் மிகக் குறைவு. ஒரு விதிப்புத்தகம், சில பகடைகள், பென்சில், காகிதம். ஒரே நாளில் வாங்கிவிடலாம். கடையில் வாங்க முடியாதது ஆட்கள்தான். நாலைந்து பேர் ஒரே நாளில் மூன்று நான்கு மணி நேரம் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். அடுத்த வாரமும் அதே ஆட்கள் வர வேண்டும். ஆசையாகப் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, கூட ஆட ஆளில்லாமல் வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் இந்த விளையாட்டு பரவிய எல்லா ஊர்களிலும் உண்டு.

ஆட்டம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒருவர் கதையை நடத்துகிறார். அவருக்குப் பெயர் கேம் மாஸ்டர். இந்த வகையில் முதன்முதலில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் அவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த திருடர். “பாழடைந்த கோட்டை. எதிரே ஒரு மரக்கதவு, பூட்டியிருக்கிறது. உள்ளே யாரோ முனகும் சத்தம். என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்கிறார் கேம் மாஸ்டர். “சத்தமில்லாமல் பூட்டைத் திறக்கப் பார்க்கிறேன்” என்கிறார் திருடராக ஆடுபவர். இருபது முகப் பகடை உருள்கிறது. பெரிய எண் விழுந்தால் பூட்டு திறந்துகொள்ளும். சிறிய எண் விழுந்தால் கம்பி பூட்டுக்குள்ளேயே முறிந்துபோகலாம். அங்கிருந்து கதை எப்படிப் போகும் என்று நடத்துபவருக்கே தெரியாது.

தாயத்தைப் போல யார் பழம் ஏற்றினார், யார் ஜெயித்தார் என்று இதில் கணக்கு முடிவதில்லை. விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரும். கேம்பெய்ன் என்று அழைக்கப்படும் இந்தத் தொடர்கதை சில மாதங்களும் ஓடும், பல வருஷங்களும் ஓடும். சீட்டாட்டத்தில் ஒருவர் எழுந்துபோனால் பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவரை உட்காரவைத்து ஆட்டத்தைத் தொடரலாம். இங்கே எழுந்துபோகிறவர் ஒரு பாத்திரத்தையும் அதோடு பின்னிய கதையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறார்.

இந்த விளையாட்டு பிறந்ததற்கே ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று சொன்னால் தவறாகாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் அவலான் ஹில் என்ற நிறுவனம் 1950-களின் இறுதியிலிருந்து போர் விளையாட்டுகளை விற்றுவந்தது. பழைய யுத்தங்களை வரைபடத்தின் மேல் அட்டைத் துண்டுகளை நகர்த்தி ஆடும் ஆட்டங்கள் அவை. விதிகள் நீளமானவை, ஆட்டமும் நீளம். அதனால் வாங்கியவருக்கு எதிரே உட்கார ஓர் ஆள் கிடைப்பது அரிது. 1964-ல் அந்த நிறுவனம் ‘தி ஜெனரல்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியது. அதில் எதிராளி தேவை என்று வாசகர்கள் தரும் வரி விளம்பரங்களுக்கென்று ஒரு பகுதி இருந்தது. தூரத்து ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துக் கடிதம் எழுதி, தபாலிலேயே காய் நகர்த்தினார்கள்.

அப்படி ஆள் தேடியவர்களில் ஒருவர் கேரி கைகாக்ஸ். விஸ்கான்சின் மாநிலத்தில் சில ஆயிரம் பேரே வசித்த லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரை ஊரில் குடும்பத்தோடு இருந்துகொண்டு, சிகாகோவில் இன்சூரன்ஸ் வேலை பார்த்துவந்தார். போர் விளையாட்டு ஆடுபவர்கள் அவருடைய தெருவில் வரிசையாகக் குடியிருக்கவில்லை. கடிதத் தொடர்பு வழியாகச் சங்கம் சேர்த்தார். 1968-ல் ஊரிலிருந்த தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்து எல்லோரையும் ஒரு நாள் நேரில் வரச் சொன்னார். நூறு பேர் அளவில் கூடினார்கள். ஜென் கான் என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டம் ஆண்டுதோறும் நடந்து, இப்போது இண்டியானாபொலிஸ் நகரத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல் திரளும் திருவிழாவாகிவிட்டது.

1968-க்கு அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு மினசோட்டாவிலிருந்து டேவ் ஆர்னெசன் வந்தார். அவருடைய ஊர்க்குழுவில் டேவிட் வெஸ்லி என்பவர் புதுமாதிரி ஒன்றைச் செய்துபார்த்திருந்தார். ஆளுக்கொரு படையைக் கொடுக்காமல், ஒரு ஊரைப் படைத்து, ஆளுக்கொரு மனிதராக நடமாடவிட்டார். ஆர்னெசன் அந்த யோசனையைக் கோட்டைகளும் பூதங்களும் நிறைந்த பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோனார். 1972-ன் இறுதியில் அவர் லேக் ஜெனீவா வந்து கைகாக்ஸுக்கு அதை ஆடிக்காட்டினார். 1974-ல் மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானது. முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிகள். எதிராளி தேடிய இரண்டு ஊர்க்காரர்கள் ஒரு வாடகை மண்டபத்தால் அறிமுகமாகியிராவிட்டால் அந்தப் பெட்டி வந்திருக்குமா என்பது சந்தேகமே.

அந்த முதல் பதிப்பு, குறைந்தது ஒரு நடுவரோடு, அதாவது கேம் மாஸ்டரோடு, நான்கு முதல் ஐம்பது ஆட்டக்காரர் வரை இருக்கலாம் என்றது. இன்று படித்தால் நம்பச் சிரமமாக இருக்கும். ஐம்பது பேரும் ஒன்றாக உட்காரப் போவதில்லை. அன்று மாலை யார் வருகிறார்களோ அவர்கள் சேர்ந்து சுரங்கத்துக்குள் இறங்குவார்கள், இரவு வெளியே வந்துவிடுவார்கள். மறுநாள் வேறு நாலு பேர் இறங்குவார்கள். ஒருவர் வராததால் எதுவும் நின்றுபோகாது. பின்னாளில் கதைகள் நாவல் போல நீண்டன, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பின்கதை வந்தது, குழுவும் நாலைந்து பேராக இறுகிக்கொண்டது. ஆட்டம் ஆழமானது உண்மை. ஆள் சேர்ப்பது கடினமானதும் அதனால்தான்.

1980-களில் வேறொரு சங்கடம் வந்து சேர்ந்தது. மிச்சிகனில் 1979-ல் ஒரு கல்லூரி மாணவர் காணாமல் போனபோது பத்திரிகைகள் அதை இந்த விளையாட்டோடு முடிச்சுப் போட்டன. விளையாட்டுக்கும் அவர் போனதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு தெரிந்தும் பயம் அடங்கவில்லை. பிசாசு வழிபாடு என்று பிரசாரம் நடந்தது, சில பள்ளிகள் தடை போட்டன. பிள்ளைகள் புத்தகத்தை ஒளித்துவைத்து, பக்கத்து வகுப்பில் யாராவது ஆடுகிறார்களா என்று ரகசியமாக விசாரிக்க வேண்டியிருந்தது.

முன்பின் தெரியாதவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க விளையாட்டை வெளியிட்டவர்களே வழி கண்டார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் 1980-ல் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கத்தை அமைத்தது. பின்னர் அந்த நிறுவனத்தை வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2010-ல் புதன்கிழமை மாலைகளில் விளையாட்டுக் கடைகளில் சிறு ஆட்டங்களை நடத்தத் தொடங்கியது. 2014 முதல் நடக்கும் அட்வெஞ்சரர்ஸ் லீகில் விதிகள் எல்லா ஊருக்கும் பொது. பாத்திரத்தின் விவரத் தாளையும் இதுவரை ஆடியதற்கான குறிப்பையும் கையில் எடுத்துக்கொண்டு எந்த ஊர் மேசையில் வேண்டுமானாலும் உட்காரலாம். வேலை மாற்றலில் புது ஊருக்குப் போகிறவருக்கு இது பெரிய ஆறுதல்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கடைதான் ஆள் சேர்க்கும் முதல் இடம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கும். அதில் “ஆட்டக்காரர்கள் தேவை” என்று ஒற்றை வரியும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டும் எழுதிய சீட்டு மாதக்கணக்கில் அப்படியே தொங்கும். ஆள் கொண்டுவரும் சீட்டு வேறு மாதிரி இருக்கும். எந்த ஆட்டம், எந்தப் பதிப்பு, எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடம், ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், புதியவர்களுக்குச் சொல்லித்தருவார்களா, கதை சண்டை நிறைந்ததா, பேச்சும் துப்பறிதலும் நிறைந்ததா என்று எல்லாம் அதில் இருக்கும். படிப்பவர் தன் வாரத்தையும் தன் ருசியையும் அந்தச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறார். ஒத்துவராதவர் தானாக விலகிக்கொள்வார். சீட்டு எழுதியவருக்கு அதுவும் லாபம்.

இப்போது இந்தப் பலகையின் வேலையை இணையமும் பார்க்கிறது. 2012-ல் தொடங்கிய ரோல்20 போன்ற தளங்களில் வரைபடம், பகடை, மேசை எல்லாமே திரையில் இருக்கின்றன, ஆள் தேடும் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. டிஸ்கார்ட் குழுக்களில் குரல் வழியாகப் பேசி ஆடுகிறார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, நேரில் மட்டுமே ஆடிவந்த பல குழுக்கள் திரைக்கு மாறின. பக்கத்தில் ஆளே இல்லாத சிற்றூர்க்காரருக்கு இது வரம். ஆனால் எளிதாகச் சேர்ந்தவர் எளிதாகவே விலகியும் போகிறார். கடைக்கு வந்து முகம் பார்த்துப் பேசியவர் வராமல் இருக்கத் தயங்குவார். திரையில் பெயரை மட்டும் கொடுத்தவருக்கு அந்தத் தயக்கம் குறைவு.

தேடுபவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இங்கே பஞ்சம் ஆட்டக்காரர்களுக்கு இல்லை, நடத்துபவர்களுக்குத்தான். இந்த ஆட்டத்தை ஆடிக்காட்டும், 2015-ல் தொடங்கிய கிரிட்டிகல் ரோல் நேரலையும், இதை ஆடும் சிறுவர்களைக் காட்டிய, 2016-ல் வந்த ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரும் ஆட ஆசைப்படுபவர்களைப் பெருக்கின. நடத்துவதற்கு முன்தயாரிப்பு வேண்டும், விதிகள் தெரிந்திருக்க வேண்டும் என்று அதற்கு மட்டும் பலர் தயங்குகிறார்கள். மேசையில் இரண்டு இடம் காலி என்று ஒரு கேம் மாஸ்டர் அறிவித்தால் விண்ணப்பங்கள் குவிகின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துபவர்களும் இதனாலேயே உருவாகியிருக்கிறார்கள். ஆகவே குழு கிடைக்காமல் தவிப்பவருக்குக் கைமேல் பலன் தரும் வழி, தானே நடத்த முன்வருவது. விதிகள் முழுவதும் மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. தொடக்கக்காரர்களுக்கென்று விற்கும் பெட்டிகளில் சுருக்கமான விதிகளும் ஆயத்தக் கதையும் தயார் செய்த பாத்திரங்களும் இருக்கின்றன.

நடத்த முடிவு செய்துவிட்டால், ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களைத் தேடி அலைய வேண்டிய அவசியமும் குறைந்துவிடுகிறது. அலுவலகத் தோழர், அத்தை மகன், கூடப் படித்தவர் என்று ஏற்கெனவே சேர்ந்து சாப்பிட்டுச் சிரித்துப் பழகியவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு மாலை போதும். கைகாக்ஸே முதலில் தன் பிள்ளைகளை வைத்துத்தான் ஆடிப்பார்த்தார். அந்நியர்களுக்குள் நட்பை உண்டாக்குவது அதைவிட நீண்ட வேலை.

புது முகங்களை வைத்துத் தொடங்கும் குழுக்கள் எடுத்த எடுப்பில் நீண்ட கதைக்குள் இறங்குவதில்லை. ஒரே மாலையில் முடியும் கதையை, ஒன்-ஷாட் என்பதை, முதலில் ஆடிப்பார்க்கிறார்கள். பொதுவாகக் கடையிலோ நூலகத்திலோதான் முதல் சந்திப்பு. வீட்டுக்கு அழைப்பதெல்லாம் பிறகு. ஒருவர் மற்றவரைப் பேசவிடுகிறாரா, தன் முறை வராதபோது கைபேசிக்குள் போய்விடுகிறாரா, பகடை சரியாக விழாதபோது எப்படி நடந்துகொள்கிறார் என்பதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் கதை முடிந்தது என்று நன்றி சொல்லி எழுந்துபோகலாம். யாருக்கும் மனவருத்தமில்லை.

பிடித்துவிட்டால் அடுத்தது செஷன் ஸீரோ. ஆட்டம் தொடங்குவதற்கு முன் பேசுவதற்காகவே கூடும் சந்திப்பு இது. எந்த மாதிரிக் கதை, பாத்திரங்கள் சாகலாமா, எந்த விஷயங்கள் கதைக்குள் வரக்கூடாது என்று வெளிப்படையாகப் பேசி முடிவு செய்கிறார்கள். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்ற அமெரிக்கர் வகுத்த எக்ஸ் கார்டு முறையைப் பல மேசைகள் பின்பற்றுகின்றன. பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டை மேசை நடுவில் இருக்கும். காட்சி மனதை நோகடித்தால் யாரும் அதைத் தொட்டுக்காட்டலாம். காரணம் கேட்காமல் கதை அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். முன்பின் அறியாதவர்கள் நம்பி உட்கார இந்த ஒரு அட்டை செய்யும் உதவி மிகப் பெரியது.

இவ்வளவும் செய்தபிறகு குழுவை உடைப்பது பெரும்பாலும் காலண்டர்தான். “எல்லோருக்கும் வசதியான நாளில் கூடலாம்” என்று விட்டுவைத்தால் அந்த நாள் வருவதே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை மாலை என்று கிழமையைக் கட்டிவைத்து, ஐந்தில் மூன்று பேர் வந்தாலே ஆட்டம் உண்டு என்று உறுதியாக இருக்கும் குழுக்கள் நிலைக்கின்றன. அதுவும் முடியாத இடத்தில் பழைய முறைக்கே திரும்பியவர்கள் உண்டு. விளையாட்டு வடிவமைப்பாளர் பென் ராபின்ஸ் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் என்ற ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், நிரந்தரக் கிழமை கிடையாது. எப்போது, எங்கே போவது என்று ஆட்டக்காரர்களே பேசிவைத்துக்கொண்டு நடத்துபவரை அழைப்பார்கள். ஒவ்வொரு ஆட்டமும் ஊரில் தொடங்கி அன்றே ஊர் திரும்புவதோடு முடிந்துவிடும். இன்று வந்தவர் அடுத்த முறை வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2007-ல் அவர் இதை எழுதி வெளியிட்டபின் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

எப்படி நடத்தினாலும் ஒரு நாள் ஒரு நாற்காலி காலியாகும். வேலை மாற்றல், கல்யாணம், குழந்தை. அந்த இடத்துக்கு வருபவர் பாதிக் கதையில் நுழைகிறார். மற்றவர்களுக்குள் ஓடும் கேலியும் பழைய வெற்றிகளும் அவருக்குப் புரியாது. அனுபவமுள்ள கேம் மாஸ்டர்கள் அவருடைய பாத்திரத்தை மற்றவர்களின் பாத்திரங்களுக்குச் சமமான பலத்தோடு அமைத்து, இதுவரை நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, பழைய ஆட்டக்காரர் ஒருவரை அவருக்குத் துணையாகப் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள். பாத்திரத்தைக் கதைக்குள் கொண்டுவர எல்லோருக்கும் தெரிந்த பழைய உபாயம் ஒன்று இருக்கிறது. அன்றைய ஆட்டத்தில் திருடர் அந்த மரக்கதவின் பூட்டைத் திறக்கிறார். உள்ளே கை கட்டப்பட்டு முனகிக்கொண்டிருப்பவர், மேசைக்குப் புதிதாக வந்தவர்.