ஓவியருக்கும் கடைக்காரருக்கும் நடுவில்

தென்காசி வட்டாரத்துச் சுரண்டையில் ஒரு ஜவுளிக்கடையோ உரக்கடையோ புத்தாண்டுக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் தினசரி காலண்டரில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கும். அச்சகத்தின் பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம். ஆனால், அட்டையை நிறைத்து நிற்கும் முருகனையோ மகாலட்சுமியையோ வரைந்தவரின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தப் படம் ஓவியரிடமிருந்து கடைக்காரரிடம் வந்து சேரும் வழியில் ஒரு முழு வணிக அமைப்பே இயங்குகிறது. வெளிநாடுகளில் ஓவிய முகவர் நிறுவனங்கள் செய்துவரும் வேலையின் ஒரு பாதியை அந்த அமைப்பு தலைமுறைகளாகத் திறம்படச் செய்துவருகிறது. ஓவியரின் நலனைச் சார்ந்த மறு பாதியை அது ஏற்கவேயில்லை.

ஓவிய முகவர் நிறுவனம் என்பது பல ஓவியர்களின் படைப்புகளைத் தொகுத்து வைத்துக்கொண்டு, பதிப்பகங்கள், விளம்பர நிறுவனங்கள், இதழ்கள் ஆகியவற்றிடம் அவர்களுக்காக வேலை பேசி முடிக்கும் அமைப்பாகும். லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் இத்தகைய நிறுவனங்கள் ஓவியருக்குக் கிடைக்கும் தொகையில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு வரை தரகாகப் பெறுவது வழக்கம். படத்துக்கு விலை சொல்வதோடு அவற்றின் பொறுப்பு முடிவதில்லை. படம் எதில் அச்சாகும், எந்த நாடுகளில், எத்தனை ஆண்டுகளுக்கு என்று வரையறுத்து, அந்தப் பயன்பாட்டுக்கே கட்டணம் பேசுகின்றன. எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், வேலை பாதியில் நின்றால் எவ்வளவு தர வேண்டும் என்பனவும் முன்கூட்டியே எழுத்தில் வந்துவிடுகின்றன. வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பவர் முகவர் என்றாலும், பேச்சு முடியும் வரை அவர் ஓவியரின் ஆளாகவே நிற்கிறார் என்பதுதான் இம்முறையின் அடித்தளம்.

சிவகாசி காலண்டர் தொழிலில் முகவர் உண்டு, ஆல்பம் உண்டு, வாடிக்கையாளரின் விருப்பத்தைக் கேட்டறியும் நுட்பமும் உண்டு. அடுத்த ஆண்டுக்கான மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை ஆடிப்பெருக்கு நாளில் பூஜை செய்து வெளியிடுவதை அங்குள்ள அச்சகங்கள் வழக்கமாகக் கொண்டுள்ளன. அன்று தொடங்கி மார்கழி வரை, முகவர்கள் கனமான அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று கடைகளில் ஏறி இறங்குகிறார்கள். சிற்றூர்களில் உள்ளூர் அச்சகம் வைத்திருப்பவரே முகவராகவும் இருப்பதுண்டு. கடைக்காரர் பக்கங்களைப் புரட்டிப் படத்தின் எண்ணைச் சொல்லி, எத்தனை பிரதி என்று முடிவு செய்து முன்பணம் கொடுத்தால் ஆர்டர் முடிகிறது. முகவருக்கு அதில் கழிவு கிடைக்கிறது. படங்கள் பெயரில்லாமல் பெரும் எண்ணிக்கையில் முன்னரே அச்சாகிவிடுவதால், ஒவ்வொரு கடையின் பெயரும் பிறகு தனியே ஏற்றப்படுகிறது. ஒரே படம் சுரண்டையில் ஒரு நகைக்கடையின் பெயரைத் தாங்கியும் வட இந்திய நகரம் ஒன்றில் ஓர் இரும்புக் கடையின் பெயரைத் தாங்கியும் தொங்கக்கூடும். தமக்கு மட்டுமே உரிய படம் வேண்டும் என்று கேட்டு வரைந்து வாங்கும் பெரிய நிறுவனங்களும் உண்டு. அதற்குச் செலவு அதிகம்.

இம்முறை படத்தின் அமைப்பையே தீர்மானிக்கிறது என்பதை ஒரு பழைய காலண்டர் ஓவியத்தை நிதானமாகப் பார்த்தால் அறியலாம். கீழ்ப்பகுதியில் நாள்தாள் கட்டுக்கும் கடைப்பெயருக்கும் இடம் விட வேண்டியிருப்பதால், தெய்வத்தின் முகமும் அருள்பாலிக்கும் கையும் மேலே தூக்கி அமைக்கப்படுகின்றன. பாதங்கள் தாமரைக்குள்ளோ மேகத்துக்குள்ளோ முடிந்துவிடுகின்றன. காலண்டர் பல வீடுகளில் பூஜை அறைக்கே போய்ச் சேரும் என்பதால், பார்ப்பவரை நேராக நோக்கும் விழிகள் கட்டாயமாகின்றன. சங்கரன்கோவில் வட்டாரத்தில் சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் கேட்பவர்கள் உண்டு. குற்றால அருவி வேண்டும் என்பவர்களும் உண்டு. இக்கேள்விகளைக் காதில் வாங்கி அச்சகத்துக்குக் கொண்டுசேர்ப்பவர் முகவரே. அடுத்த ஆண்டு ஓவியர் என்ன வரைவார் என்பதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. எனினும் அவர் அச்சகத்தின் ஆளே தவிர, ஓவியரின் ஆள் அல்லர். ஓவியரை அவர் ஒருமுறைகூடச் சந்திக்காமலே தொழில் நடத்திவிட முடியும்.

இத்தொழிலின் தலைசிறந்த ஓவியர் தென்காசிக்குக் கிழக்கே, கோவில்பட்டியில் வாழ்ந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையா ராஜு (1898–1976) நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்து வந்தவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்ட அவரைச் சுற்றி டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் முதலிய மாணவர்கள் திரண்டார்கள். நாடகத் திரையில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் துலங்கும்படி வண்ணம் தீட்டிப் பழகிய கை, சுவரில் தொங்கும் காலண்டருக்கு இயல்பாகவே பொருந்தியது. அருகிலிருந்த சிவகாசி அச்சகங்கள் அந்தக் குழுவின் படங்களை நாடெங்கும் கொண்டுசென்றன. சில படங்களில் குருவும் மாணவரும் சேர்ந்து கையொப்பமிட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. உழைப்பைப் பகிர்ந்துகொண்டவர்கள் பெயரையும் பகிர்ந்துகொண்டார்கள். இந்தியர் பலரின் மனத்தில் இன்று மீனாட்சி திருக்கல்யாணமும் மகாலட்சுமியும் எந்த வடிவில் நிற்கின்றனவோ, அந்த வடிவில் கோவில்பட்டிக்குப் பெரும்பங்கு உண்டு என்பது மிகையன்று. ஆனாலும், மறுஅச்சிலும் நகலிலும் கையொப்பம் எளிதில் வெட்டுப்பட்டது. ஒரு முறை தொகை பெற்றுப் படத்தைக் கொடுத்துவிட்டால் அது எத்தனை லட்சம் பிரதியானாலும் ஓவியருக்கு மேற்கொண்டு வருவாய் இல்லை என்பதே தொழிலின் பொது வழக்கமாக இருந்தது. இத்தனை பெரிய சந்தையை உருவாக்கியவர்களுக்கு இது நேர்மையான பங்கீடு ஆகாது.

ஓவியத்துக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையிலான உறவு தென்காசி வட்டாரத்துக்குப் புதிதன்று. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலம் சித்திர சபையில், மற்றச் சபைகளைப் போலன்றி, இறைவன் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறார். அங்கே ஓவியம் ஒரே இடத்தில் இருந்தது. பார்க்க விரும்பியவர் அதனிடம் போனார். அச்சு வந்தபின் ஓவியம் எல்லாரிடமும் போகத் தொடங்கியது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் இம்மாற்றத்தின் முதற்படிகளுள் ஒன்று. ஓவியமும் அதைப் பலவாகப் பெருக்கும் உரிமையும் வெவ்வேறு சொத்துகளாகப் பிரிந்ததும் அச்சினால்தான்.

இப்பிரிவினையை 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தெளிவாகவே கையாள்கிறது. ஓவியர் தாமாக வரைந்த படத்தை ஒருவருக்கு விற்றால், தாளும் வண்ணமும் வாங்கியவருக்குச் சேர்கின்றனவே அன்றி, அதை அச்சிடும் உரிமை தானாகச் சேர்வதில்லை. அவ்வுரிமையை மாற்றித்தர ஓவியர் கையொப்பமிட்ட எழுத்து ஆவணம் வேண்டும். அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. மாறாக, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்கென ஓவியம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகிறார். காலண்டர் ஓவியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. வாய்ப்பேச்சில் ‘வரைந்து கொடுங்கள்’ என்று கேட்டு வரைந்து கொடுத்தால் உரிமை கைமாறிவிடக்கூடும், ஒரு பக்க ஒப்பந்தம் இருந்தால் அதைத் தடுக்கலாம். உரிமை கைமாறிய பின்னும், படைப்பு தம்முடையது என்று கோரவும், தம் மதிப்பைக் குலைக்கும் வகையில் அது சிதைக்கப்பட்டால் எதிர்க்கவும் ஓவியருக்குச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இடமளிக்கிறது. பாதுகாப்பின் காலம் ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீள்வதால், கொண்டையா ராஜு தாமே வரைந்து தம் வாழ்நாளில் வெளியிட்ட படங்கள் 2036ஆம் ஆண்டு முடியும் வரை அதன் வரம்புக்குள் இருக்கின்றன. அவ்வுரிமை இன்று யாரிடம் இருக்கிறது என்பது ஒவ்வொரு படமும் எப்படி வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

இன்று தூரிகைக்குப் பதில் கணினியில் வரையும் இளைஞர்கள் தென்காசியிலும் சுரண்டையிலும் இருந்தபடியே சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் வேலை செய்ய முடிகிறது. நகலெடுப்பது நொடி வேலையாகிவிட்ட இக்காலத்தில், முகவர் இல்லாத ஓவியர் விலை பேசுவதையும் உரிமையைக் காப்பதையும் தாமே செய்யும் சுமைக்கு ஆளாகிறார். ஐந்தாறு ஓவியர்கள் சேர்ந்து ஒருவரைப் பொதுவில் பேசவிட்டால் அதுவே ஒரு முகவர் நிறுவனத்தின் தொடக்கமாகும். கடைகளின் விருப்பம் அறிந்த காலண்டர் முகவர்களிடம் இதற்கான அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுள் சிலர் ஓவியர் பக்கம் நின்றும் கழிவு பெறலாம். ஆடியில் ஆல்பம் வெளிவருவதற்குப் பல வாரங்கள் முன்பே படங்கள் தேர்வாகிவிடுவதால், படத்தை எத்தனை ஆண்டுகள், எந்த அளவில், எத்தனை பிரதி அச்சிடலாம், அட்டையின் எந்த ஓரத்தில் ஓவியர் பெயர் வரும் என்பவற்றைச் சித்திரைக்குள் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டுவிடுவது நல்லது.