சிதறால் மலைக்கு வாரியலோடு போவோமா?

பிள்ளைகளே, மார்த்தாண்டத்தில் இருந்து சுமார் 7 கிலோமீட்டர் போனால் சிதறால் மலை வரும். ஏறியிருக்கிறீர்களா? திருச்சாரணத்து மலை என்பது அதன் பழைய பெயர். 9-ஆம் நூற்றாண்டில் சமணத் துறவிகள் தங்கியிருந்த இடம். பாறையில் தீர்த்தங்கரர்களின் உருவங்களை வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பின்னாளில் அங்கே பகவதி வழிபாடும் வந்தது. கல் பாவிய பாதையில் மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பார்த்தால், கீழே தென்னையும் ரப்பரும் பச்சைப் பசேல் என்று தெரியும்.

இப்படிப்பட்ட பாதைகளை யார் பார்த்துக்கொள்வது? "அரசாங்கம்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். ஒரு செய்தி கேளுங்கள். அமெரிக்காவில் அப்பலாச்சியன் என்ற மலைப்பாதை இருக்கிறது. 1937-ல் முழுமை பெற்றது. 14 மாநிலங்கள் வழியாக சுமார் 3,500 கிலோமீட்டர் போகிறது! அம்மாடி, குமரியில் இருந்து காஷ்மீருக்கு நடக்கிற மாதிரி. அதைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். சங்கத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டு, விடுமுறை நாளில் மண்வெட்டியோடு வருவார்கள். விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவார்கள், புதரை வெட்டுவார்கள், வழி தவறாமல் இருக்க மரங்களில் வெள்ளைக் கோடு தீட்டுவார்கள்.

பாதைக்குப் பெரிய எதிரி எது தெரியுமா? மழைத் தண்ணீர். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பாதையோர ஓடையில் சருகு அடைத்தால் தண்ணீர் பாதைக்கு ஏறிவிடும். கல்லுக்கு அடியில் உள்ள மண்ணை அரிக்கும், கல் ஆடும். மண்பாதை என்றால் சேற்றுக்குப் பயந்து ஆட்கள் ஓரமாக நடப்பார்கள். அங்கே புல் சாகும், மறு மழைக்கு அந்த இடமும் கரையும். குறுக்குவழியில் இறங்குகிறோமே, அதுவும் நாளடைவில் ஓடையாகிவிடும். ஒரு குச்சியால் சருகைக் கிளறி விட்டாலே பாதி வேலை முடிந்தது!

ஆனால் சிதறாலில் ஒரு கல்லைக்கூட நீங்கள் நகர்த்தக் கூடாது. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். பாறையில் பெயர் கிறுக்குகிற அண்ணன்மாருக்கும் சொல்லுங்கள்: 2010-ல் திருத்திய சட்டப்படி, சின்னங்களைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆடுகிற கல்லைக் கண்டால் காவலரிடம் சொன்னால் போதும். குப்பை பொறுக்கவும் அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குப்பை என்றதும் நம் ஊர்த் தேன் நினைவுக்கு வருகிறது. குப்பைக்கும் தேனுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தத் தேனைத் தரும் பூச்சிக்கு ஒரு காகிதக் கோப்பை எமனாகலாம். காப்பிக் கடைகளில் எறிந்த காகிதக் கோப்பைகளைத் தமிழக ஆய்வாளர்கள் சிலர் கவனித்து, 2011-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அடியில் மிஞ்சிய இனிப்பைத் தேடி வந்த தேனீக்கள் உள்ளேயே செத்துக் கிடந்தன. 5 கடைகளில் 30 நாளில் சுமார் 25,000 தேனீக்கள்! பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை இருந்தாலும் கண்ணில் படாமல் இல்லை. ஆகவே கோப்பையைப் பொறுக்கும்போது கவிழ்த்து, வடித்துவிட்டுச் சாக்கில் போடுங்கள்.

வகுப்பறையைப் பெருக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளைகூட, மலைக்கு என்றால் வாரியலோடு முதல் ஆளாக வந்து நிற்கும். வாத்தியாராக இருந்தவனுக்கு இது தெரியாதா என்ன! மலை தூரம் என்றால் தெருமுனைப் பூங்காவில் தொடங்கலாம். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கையுறை, செருப்பு கட்டாயம். பாறை இடுக்கில் கை விடாதீர்கள், பாம்போ தேளோ இருக்கும். கண்ணாடிச் சில்லையும் ஊசியையும் தொடாமல் பெரியவரைக் கூப்பிடுங்கள். பொறுக்கியதைக் கொளுத்த வேண்டாம், தரம் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

ஒருவர் கையில் நோட்டு இருக்கட்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் 1986-ல் துப்புரவு செய்தவர்கள், பொறுக்கியதை எல்லாம் வகைவாரியாக எழுதி வைத்தார்கள். இன்று பல நாடுகளில் அப்படியே செய்கிறார்கள். நீங்களும் பாட்டில் இத்தனை, கோப்பை இத்தனை, மிட்டாய் உறை இத்தனை என்று குறித்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடியும் எண்ணுங்கள்.