வராத வாடிக்கையாளருக்கு வந்த கட்டணம்

கலசப்பாக்கம் கடைத்தெருவில் சாமையும் புளியும் நிறுத்துக் கொடுக்கும் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். வீட்டு மின்மீட்டரின் கணக்கில் ஐயம் எழுந்தால், அதைச் சோதிக்குமாறு மின்வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். ஆனால், ஓர் இணையதளத்திலிருந்து ஒரு மாதத்தில் எத்தனை ஜி.பி. தரவு வெளியேறியது என்று அளக்கும் கருவிக்கு முத்திரையும் இல்லை. அதைச் சோதிக்கும் மூன்றாம் தரப்பும் இல்லை. அளப்பவரும் அவரே, விலை வைப்பவரும் அவரே, கட்டத் தவறினால் கடையை இழுத்து மூடுபவரும் அவரே.

ஜவ்வாது மலைச் சாமையையும் தேனையும் அஞ்சலில் அனுப்பி விற்பது என் பிழைப்பு. அதற்கென ஒரு சிறு இணையதளம் உண்டு. மாதம் 100 ஜி.பி. வரை தரவுப் பரிமாற்றம் கட்டணத்தில் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு ஜி.பி.க்கும் 20 ரூபாய் என்பது ஹோஸ்டிங் நிறுவனத்தின் நிபந்தனை. ஒரு மாதம் 1,012 ஜி.பி. செலவானதாகக் கூறி, மிகுதியான 912 ஜி.பி.க்கு 18,240 ரூபாயும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 21,523 ரூபாய்க்குச் சீட்டு வந்தது. ஏழு நாளில் கட்டாவிட்டால் தளம் முடக்கப்படும் என்ற குறிப்பும் உடன் இருந்தது. அந்த மாதத்தில் எனக்கு வந்த ஆர்டர்கள் வழக்கத்தைவிட ஒன்றுகூட அதிகமில்லை.

வாடிக்கையாளர் வராமல் தரவு எப்படிச் செலவாகும்? பக்கத்தைத் திறப்பவர் மனிதரா, தானியங்கி நிரலா என்று மீட்டர் பார்ப்பதில்லை. தேடுபொறிகளின் நிரல்கள் நெடுங்காலமாகவே தளங்களை மேய்ந்து வருகின்றன. அவை பெரும்பாலும் அளவறிந்து மேய்பவை. செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு திரட்டக் கிளம்பியிருக்கும் பாட்களில் பலவற்றுக்கு அந்த அடக்கம் இல்லை. மென்பொருள் ஆவணங்களை வெளியிடும் ‘ரீட் தி டாக்ஸ்’ தளத்திலிருந்து 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரே பாட் 73 டி.பி. அளவுக்குக் கோப்புகளை இறக்கியது. அந்தத் தளத்தினருக்கு அதனால் 5,000 டாலருக்கு மேல் செலவு. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, 2024 ஜனவரியிலிருந்து தன் படங்களையும் காணொலிகளையும் இறக்குவதற்கான தரவுப் பயன்பாடு 50 விழுக்காடு கூடிவிட்டதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. தன் சர்வர்களுக்கு மிக அதிகச் செலவு வைக்கும் வருகைகளில் 65 விழுக்காடு பாட்களுடையவை என்றும் அது கூறியது.

2024 பிப்ரவரியில் நெட்லிஃபை நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் சிறு தளம் வைத்திருந்த ஒருவருக்கு 1,04,500 டாலர் கட்டணச் சீட்டு வந்தது. ஒரு பாடல் கோப்பை எவரோ திரும்பத் திரும்ப இறக்கியதே காரணம். அவர் முறையிட்டபோது, முதலில் தள்ளுபடி பேசினார்கள். செய்தி இணையத்தில் பரவிய பிறகு, நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலரே முன்வந்து முழுத் தொகையையும் நீக்கினார். பரபரப்பானால் நீங்கும் கட்டணம், பரபரப்பாகாதபோது மட்டும் எப்படி நியாயமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. கலசப்பாக்கத்திலிருந்து ஒருவர் முறையிட்டால் உலகம் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஆகவே நம் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு, தளத்தின் லாக் கோப்பில் இருக்கிறது. எந்த முகவரியிலிருந்து, எந்த நொடியில், எந்தக் கோப்பு கேட்கப்பட்டது, எத்தனை பைட் அனுப்பப்பட்டது, கேட்டவர் தம்மை யாரென்று சொல்லிக்கொண்டார் என்பதெல்லாம் அதில் வரிவரியாகப் பதிவாகியிருக்கும். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தரும் சி-பேனல் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ‘ரா ஆக்சஸ்’ என்ற பகுதியில் இதை இறக்கிக்கொள்ளலாம். பழைய லாக்குகளைச் சேமிக்கும் தெரிவு முடக்கப்பட்டிருந்தால், அவை சில காலத்தில் அழிந்துபோகும். எனவே கட்டணச் சீட்டு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை கோபக் கடிதம் எழுதுவதன்று. லாக்கை இறக்கிப் பத்திரப்படுத்துவதே. இறக்கிய கோப்புக்கு ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு வைப்பதும் நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணு ஆவணத்தைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது தர வேண்டிய சான்றிதழில் அந்த மதிப்பும் கேட்கப்படுகிறது.

என் லாக்கில் இருந்த பைட்டுகளைக் கூட்டினால் 958 ஜி.பி. வந்தது. அதில் 884 ஜி.பி. இரண்டே பாட்களால், ஆறு நாள்களில், தேன் எடுக்கும் காணொலிகள் சிலவற்றை மீண்டும் மீண்டும் இறக்கியதால் ஆனது. மனிதர்கள் பார்த்தது 74 ஜி.பி.; அதாவது வரம்புக்கு உள்ளே.

சீட்டுக்கும் லாக்குக்கும் இடையே இன்னும் 54 ஜி.பி. வேறுபாடு இருந்தது. இத்தகைய வேறுபாடு தோன்றப் பல வழிகள் உண்டு. வழக்கமான லாக், கோப்பின் உடலை மட்டும் கணக்கிடும். தலைப்புத் தகவல்களை விட்டுவிடும். ஹோஸ்டிங் மீட்டரோ மின்னஞ்சல், எஃப்.டி.பி. ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளும். ஜி.பி. என்பதையே ஒருவர் நூறு கோடி பைட்டாகவும், மற்றொருவர் 1,073,741,824 பைட்டாகவும் எண்ணுவர்; ஏறத்தாழ ஏழு விழுக்காடு அங்கேயே போய்விடும். மாதக் கணக்கு இந்திய நேரப்படி முடிகிறதா, ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரப்படி முடிகிறதா என்பதும் உண்டு. சேவை வாரியாகவும் நாள் வாரியாகவும் பிரித்துக் கேட்டேன். வந்த பதிலில், 41 ஜி.பி. அந்த நிறுவனமே தன் இன்னொரு சர்வருக்கு இரவுதோறும் எடுத்த காப்புநகல் என்று இருந்தது. தன் பண்டத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே இடம் மாற்றியதற்கு என்னிடம் சுமைகூலி.

பாட்களைப் பற்றி நிறுவனம் சொல்லும் வாதத்தை முழுதும் தள்ளிவிட முடியாது. யார் கேட்டிருந்தாலும் தரவு வெளியே சென்றது உண்மை. அதற்கு அவர்களுக்கும் செலவு. ஆனால் அவர்களுடைய நிபந்தனைப் பட்டியலிலேயே, பயன்பாடு 80 விழுக்காட்டைத் தொட்டவுடன் மின்னஞ்சல் அனுப்பப்படும் என்று எழுதியிருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் முதல் நாளே அந்தக் காணொலிகளை எடுத்திருக்கலாம், பாட்களைத் தடுத்திருக்கலாம். ‘பாட் செய்ததற்கு நான் பொறுப்பா’ என்ற வாதத்தைவிட, ‘வாக்களித்த எச்சரிக்கையை நீங்கள் தரவில்லை’ என்ற வாதம் வலுவானது. சட்டமொழியில் அது சேவைக் குறைபாடு.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கே துணைக்கு வருகிறது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் அல்லர் என்று அச்சட்டம் சொன்னாலும், சுயதொழில் வழியே வாழ்க்கை நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு விலக்கு அளிக்கிறது. வணிக நோக்கம் என்று வாதிடுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ‘வழக்கு எங்கள் ஊர் நீதிமன்றத்தில் மட்டும்’, ‘நடுவர் மன்றத்தில் மட்டும்’ என்று நிபந்தனையில் அச்சிட்டிருப்பது கண்டு மலைக்க வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 34-ஆவது பிரிவு வழி செய்கிறது. நடுவர் மன்ற நிபந்தனை நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பது எம்மார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018-இலேயே உறுதியாயிற்று. எனவே கலசப்பாக்கத்துக்காரர் திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்தை நாடினால் போதும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதலாம். மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

பணத்தைத் தானாகவே எடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. 2021 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, அட்டையில் தொடர் கட்டணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வர வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் பொதுவாக ஓ.டி.பி. இன்றி எடுக்க இயலாது. என் 21,523 ரூபாய் வெறும் சீட்டாகவே நின்றதற்கு இந்த விதிதான் காரணம். உண்மையான மிரட்டல், தளம் முடக்கப்படும் என்பதே. அதனால் தளத்தின் முழுப் பிரதியை முதலில் இறக்கிக்கொண்டேன். டொமைன் பெயர் வேறொரு நிறுவனத்தில் என் பெயரிலேயே பதிவாகியிருந்தது நல்லதாயிற்று. ஹோஸ்டிங் நிறுவனத்திடமே டொமைனையும் ஒப்படைத்திருப்பவர்கள், சச்சரவு எழும் முன்பே அதைப் பிரித்து வைப்பது நலம். முடக்கத்தைத் தாங்க முடியாதவர்கள், ‘உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்துகிறேன்’ என்று எழுதிவிட்டுக் கட்டலாம். ஆணையத்திடம் இடைக்கால உத்தரவு கோரவும் சட்டம் இடமளிக்கிறது.

கைப்பேசித் தரவு தீரும்போது 50, 90, 100 விழுக்காட்டில் நமக்கு வரும் குறுஞ்செய்தி, நிறுவனங்களின் கருணையால் வருவதன்று. டிராய் விதித்ததால் வருவது. ஹோஸ்டிங்கிற்கு அப்படி ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இல்லை. வரம்பைத் தொட்டவுடன் தளத்தைத் தற்காலிகமாக நிறுத்துவதா, கூடுதல் கட்டணத்துடன் தொடர்வதா என்பதை வாடிக்கையாளரே முன்கூட்டித் தெரிவுசெய்யும் ஒரு பொத்தானைக் கட்டாயமாக்குவதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. நுகர்வோர் விவகாரத் துறை மின்வணிக விதிகளில் ஒரு வரியைச் சேர்த்தாலே போதும்.

என் புகாருக்கு நிறுவனம் முதலில் பாதித் தொகையை ‘நல்லெண்ணச் சலுகை’யாகக் குறைக்க முன்வந்தது. சலுகை வேண்டாம், கணக்கு வேண்டும் என்று லாக்கை இணைத்து எழுதினேன். காப்புநகலுக்கான தொகையை நீக்கிவிட்டார்கள். எஞ்சியதற்கு, 80 விழுக்காட்டு எச்சரிக்கை அனுப்பப்பட்டதற்கான சான்றைக் கேட்டிருக்கிறேன். குறைதீர் அலுவலருக்குரிய ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.