பழைய ரயில் பெட்டிகளுக்குப் புதிய பணி

பெங்களூரின் தென்கிழக்கே, ஒசூர் சாலையில் அமைந்துள்ள ஹெப்பகோடி, தொழிற்கூடங்கள் மிகுந்த ஊராகும். 2025 ஆகஸ்ட் 10-ஆம் நாள் இவ்வூர் வழியாக மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. 19.15 கிலோமீட்டர் நீளமும் 16 நிலையங்களும் கொண்ட இத்தடத்தின் பணிமனையும் ஹெப்பகோடியிலேயே உள்ளது. ஆனால், பாதை ஆயத்தமான பின்னரும் வண்டிகள் வந்து சேரத் தாமதமாயிற்று. தொடக்கத்தில் 3 வண்டிகளே இருந்தமையால், 25 நிமிடங்களுக்கு ஒரு வண்டிதான் இயங்கியது.

நகரின் பிற தடங்களில் 2011 முதல் ஓடிவரும் வண்டிகளுள் சிலவற்றை இங்கு மாற்றியிருக்கலாகாதா என்னும் வினா இயல்பாகவே எழும். இரண்டிலும் தண்டவாள அகலம் ஒன்றே. 750 வோல்ட் மின்சாரமும் ஒன்றே. ஆயினும் சமிக்ஞை முறை வேறு. மஞ்சள் தடத்தில் வண்டியும் கட்டுப்பாட்டு நிலையமும் வானொலி அலைகள் வாயிலாக இடைவிடாது தொடர்பு கொள்கின்றன. பழைய வண்டிகளில் இதற்குரிய கருவிகள் இல்லை. அவற்றைப் பொருத்தி, சோதித்து, பாதுகாப்புச் சான்று பெறுவது நெடும்பணியாகும். மேலும், பழைய தடங்களிலேயே பெட்டிகள் போதவில்லை. 2019-இல் ஒப்பந்தம் செய்யப்பட்ட 216 பெட்டிகளுள் 126 அத்தடங்களுக்கென ஒதுக்கப்பட்டவை.

பெரம்பூர்ப் பெட்டிகள்

இதற்கு மாறான அனுபவம் இந்திய ரயில்வேக்கு உண்டு. சென்னை பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நாட்டு வடிவமைப்பின்படி எஃகுப் பெட்டிகளை உருவாக்கியது. ஜெர்மானிய வடிவமைப்புப் பெட்டிகள் இடம்பிடித்ததும், 2018-இல் பழைய வகையின் உற்பத்தி அங்கு நின்றது. இவ்வகைப் பெட்டியின் பயணிகள் சேவைக் காலம் ஏறத்தாழ 25 ஆண்டுகள். ஆனால் அதன் அடிச்சட்டமும் உடலும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டவை. ஆகவே இருக்கைகள் தேய்ந்த பின்னரும் பல பெட்டிகளில் கூடு உறுதியாகவே இருக்கும்.

அத்தகைய பெட்டிகள் மோட்டார் வாகனங்களை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக மாற்றப்படுகின்றன. இருக்கைகள், படுக்கைகள், கழிப்பறைகள் அகற்றப்படும். சன்னல்களும் பக்கக் கதவுகளும் அடைக்கப்படும். இரு முனைகளிலும் அகன்ற கதவுகள் அமைக்கப்படும். இதனால் கார்களைப் பெட்டிக்குப் பெட்டி உள்ளேயே ஓட்டிச் சென்று நிறுத்தலாம். 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது 5,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் நோயாளிகளுக்கான தனிமை அறைகளாக மாற்றியமைக்கப்பட்டன. மைசூர் அசோகபுரத்தில் கழிக்கப்பட்ட பெட்டிகள் பள்ளி வகுப்பறைகளாயின.

தேர்வுக்குரிய அளவுகோல்

இவ்விரு அனுபவங்களும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. வாகனம் ஏற்றுவதற்கு உறுதியான கூடும் சக்கரத் தொகுதியும் போதும். அவை பழைய பெட்டியில் முன்னரே உள்ளன. மெட்ரோ தடத்திற்கோ, பழைய பெட்டியில் இல்லாத கருவிகளே உயிர்நாடி. எனவே பெட்டியின் வயதை மட்டும் கொண்டு அதன் எதிர்காலத்தை முடிவு செய்தலாகாது. புதிய பணிக்கு எது தேவை, அதில் எது பெட்டியில் எஞ்சியுள்ளது, எஞ்சியவற்றைப் புதிதாகச் சேர்க்க ஆகும் செலவும் காலமும் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அக்கணக்கு நிறைவு தருமாயின், கழிவென ஒதுக்கப்படும் எஃகு நாட்டின் செல்வமாக மீண்டும் பயன்படும்.