பழைய காரும் அதன் முந்தைய உரிமையாளரும்

கோலார் தங்கவயலில் விற்பனைக்கு வரும் பழைய கார்களின் எண் பலகைகளைக் கவனித்தால் அவை புறப்பட்ட இடம் ஓரளவு விளங்கும். இவ்வட்டாரத்துக்குரிய கே.ஏ.08 என்னும் எண் சிலவற்றில் காணப்படும். பெங்களூரின் இந்திராநகருக்குரிய கே.ஏ.03, கிருஷ்ணராஜபுரத்துக்குரிய கே.ஏ.53 ஆகியனவும் இருக்கும். கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம் என மூன்று மாநிலங்களும் நெருங்கும் ஊர் ஆதலால் கிருஷ்ணகிரியின் டி.என்.24, சித்தூரின் ஏ.பி.03 போன்ற எண்களும் இங்குப் புதியவை அல்ல.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்ட பின்னர், மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் சென்று பொருளீட்டுவது இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கை முறையாகிவிட்டது. அத்தகைய குடும்பம் முதன்முறையாக வாங்கும் கார் பல வேளைகளில் பழைய காராகவே அமைகிறது. அதற்குச் செலவிடப்படும் இரண்டு, மூன்று லட்ச ரூபாய் பல ஆண்டுச் சேமிப்பாகும். அல்லது எங்களைப் போன்ற வங்கிகளிடம் பெற்ற கடனாகும். இரண்டில் எதுவாயினும், விலை பேசுமுன் அந்தக் காரின் கடந்த காலத்தை அறிந்துகொள்வது அவசியம்.

காரின் கடந்த காலம் என்றவுடன் பலரும் மெக்கானிக்கை அழைத்துச் செல்கின்றனர். அது நல்லதே. ஆயினும் மெக்கானிக் காண்பது இன்றைய நிலையை. நேற்று நடந்ததைச் சொல்லக்கூடியவர் அதைப் பயன்படுத்திய முந்தைய உரிமையாளர் ஒருவரே. விற்பவருக்கு விலை முக்கியம். தரகருக்குத் தரகு முக்கியம். காரை ஏற்கெனவே விற்றுப் பணம் பெற்றுக்கொண்ட முந்தைய உரிமையாளருக்கோ பொய் சொல்லவேண்டிய காரணம் ஏதுமில்லை. ‘ஒரே கை, டாக்டர் ஓட்டிய வண்டி’ என்னும் விளம்பரத்தைக் கேளாத வாடிக்கையாளர் இரார். நாட்டிலுள்ள மருத்துவர்கள் அனைவரும் தத்தம் கார்களை ஒருங்கே விற்றுவிட்டனரோ என்று எமக்கே ஐயம் எழுவதுண்டு.

அவரைக் கண்டறிவது எவ்வாறு? ஆர்.சி. என்று சுருக்கமாக வழங்கும் பதிவுச் சான்றே தொடக்கம். உரிமையாளர் பெயர், முகவரி, அவர் எத்தனையாவது உரிமையாளர் என்னும் வரிசை எண், சேஸிஸ் எண், என்ஜின் எண், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை அதில் காணலாம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலும் எம்பரிவாகன் செயலியிலும் வண்டி எண்ணைக் கொடுத்து இவற்றுட் சிலவற்றைச் சரிபார்க்க இயலும். தனியுரிமை கருதி உரிமையாளர் பெயரின் சில எழுத்துகளை அங்கே மறைத்திருப்பர். விற்பவர் ‘ஒரே கை’ என்று கூற, சான்றில் வரிசை எண் மூன்று என்றிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

பதிவுச் சான்று இன்றைய உரிமையாளரை மட்டுமே காட்டும். அவருக்கு முன்னிருந்தோரை அறிய, கர்நாடகத்தில் ‘பி எக்ஸ்ட்ராக்ட்’ என்று வழங்கும் பதிவேட்டு நகலைப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறவேண்டும். பெயர் மாற்றங்கள், கடன் பதிவுகள், வரி செலுத்திய விவரம் ஆகியன அதில் அடங்கும். இதற்கு விற்பவரையே விண்ணப்பிக்கச் சொல்வது எளிய வழி. கட்டணம் சிறிது. ‘அதெல்லாம் எதற்கு, நம்பிக்கை இல்லையா?’ என்று அவர் தயங்கினால், அத்தயக்கமும் ஒரு தகவலே.

நகலில் உள்ள கடைசிப் பெயரும் காரை விற்க வந்தவர் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். இங்கேதான் சிக்கல்கள் பெரும்பாலும் தொடங்குகின்றன. பெங்களூரில் ஒருவர் காரை விற்கும்போது, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையொப்பம் மட்டும் இட்டு, வாங்குபவர் பெயரை நிரப்பாமல் தரகரிடம் கொடுத்துவிடுகிறார். தரகர் அதை வேறொருவருக்கு விற்கிறார். அவர் ஓராண்டு ஓட்டிவிட்டு அதே கையொப்பத் தாள்களுடன் இங்கே கொண்டு வருகிறார். இடையில் காரை வைத்திருந்தோர் எவரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கையொப்பமிட்டவர் இதற்குள் வெளிநாடு சென்றிருக்கலாம், காலமாகியும் இருக்கலாம். பணம் கொடுத்து வாங்கியவர் கையில் கார் இருக்கும், உரிமை இராது.

இவ்வாறு விற்றுவிட்டு மறந்துபோனவரையும் சட்டம் விடுவதில்லை. ஒரு காரைப் பதிவு பெற்ற உரிமையாளர் விற்க, அது பெயர் மாற்றமின்றி அடுத்தடுத்துப் பலர் கைமாறியபின் விபத்துக்குள்ளாகிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காரைக் கடைசியாக வைத்திருந்தவரே இழப்பீடு தரவேண்டும் என உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். எனவே முதலில் விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வாங்கியவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் செல்லும் சுமையை விபத்தில் பாதிக்கப்பட்டோர் மேல் ஏற்றலாகாது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. காரை விற்கும் வாடிக்கையாளர்கள் இதனைக் குறித்து வைத்துக்கொள்ளவேண்டும். ஆகவே, பதிவேட்டில் உள்ள பழைய உரிமையாளரை நீங்கள் தொடர்புகொண்டு ‘வண்டி இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது’ என்று கூறினால், அவர் சினங்கொள்ளமாட்டார். பெரும்பாலும் நன்றி கூறுவார்.

அவரிடம் கேட்கவேண்டியவை அதிகமில்லை. எப்போது விற்றீர்கள்? அப்போது கிலோமீட்டர் மானி எவ்வளவு காட்டியது? எங்கே சர்வீஸ் விட்டீர்கள்? பெரிய அடி ஏதேனும் பட்டதா? கடன் இருந்ததா, முடிந்ததா? இரண்டாவது சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்? இவற்றுள் இரண்டாம் வினா விலைமதிப்பற்றது. அவர் விற்றபோது 90,000 கிலோமீட்டர் ஓடியிருந்த கார் இன்று 60,000 காட்டுமாயின், வேறு சான்று எதுவும் தேவையில்லை. கம்பெனி சர்வீஸ் மையங்களில் ஒவ்வொரு முறையும் மானியின் அளவைக் குறித்து வைக்கின்றனர். உரிமையாளர் கேட்டால் அவ்விவரத்தைப் பெறலாம்.

கார் எங்கே நிறுத்தப்பட்டிருந்தது என்பதையும் கேட்டறிவது நலம். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே அமைந்த நம்மூருக்கு இவ்வினா மிகவும் பொருந்தும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. 2022 செப்டம்பரில் பெங்களூரின் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று தீர்த்து ஏலத்தில் விட்ட கார்கள் சில, பழுது நீக்கப்பட்டு வேறு ஊர்ச் சந்தைக்கு வந்துவிடுகின்றன. இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றின் கறை தெரியலாம். தரைவிரிப்புக்குக் கீழும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும், இருக்கைத் திருகாணிகளிலும் துருவைத் தேடுங்கள். இவை அனைத்தையும் துடைத்து மறைக்க முடியும். அந்த ஆண்டு, அந்த மாதத்தில் கார் எந்தத் தெருவில் நின்றது என்னும் வினாவுக்குக் கிடைக்கும் விடையைத் துடைக்க இயலாது.

முந்தைய உரிமையாளரை எட்ட முடியாதபோது அவருடைய காப்பீட்டுப் பத்திரத்தைக் கேளுங்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக வழங்கும் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்னும் தள்ளுபடி முதலாண்டுக்குப்பின் 20 விழுக்காட்டில் தொடங்கி, 25, 35, 45 என உயர்ந்து, ஐந்தாண்டுக்குப்பின் 50 விழுக்காட்டை எட்டும். ஒரே உரிமையாளரிடம் ஆறாண்டு இருந்த காரின் பத்திரத்தில் இத்தள்ளுபடி பூச்சியம் என்றிருந்தால், முந்தைய ஆண்டில் இழப்பீடு கோரியிருக்கவேண்டும், அல்லது காப்பீடு நெடுநாள் விட்டுப்போயிருக்கவேண்டும். எது என்று கேட்பதில் தவறில்லை. தள்ளுபடி காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. ஆகவே வாங்குபவருக்கு அது மாறி வராது.

இனிக் கடன் பற்றி. இதை எங்கள் துறை என்பதால் சற்று அழுத்தியே கூறுகிறோம். சான்றில் ஒரு வங்கியின் பெயர் அடமானப் பதிவாக இருக்கும்வரை, அவ்வங்கியின் இசைவின்றிக் காரை உங்கள் பெயருக்கு மாற்ற இயலாது. ‘கடன் கட்டியாயிற்று, பெயர்தான் நீக்கவில்லை’ என்பது அடிக்கடி காதில் விழும் சொற்றொடர். கட்டியது உண்மையாயின், தடையில்லாச் சான்றும் வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-உம் அவரிடம் இருக்கவேண்டும். அவற்றைக் கொடுத்துப் பதிவை நீக்கியபின் விலை பேசலாம். முன்பணத்தைக் கொடுத்து, ‘இதைக் கட்டித்தான் கடனை முடிக்கப்போகிறேன்’ என்னும் வாக்குறுதியை நம்புவதாயின், அத்தொகையை விற்பவர் கையில் தராமல் அவருடைய கடன் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்துங்கள். தவணை தவறியதால் வங்கிகள் கைப்பற்றி ஏலத்தில் விடும் கார்களும் உண்டு. அவை ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்படுபவை. அவற்றின் வரலாற்றை வங்கி அறியாது. விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளிமாநில எண்ணுள்ள காருக்கு இன்னொரு படி உண்டு. பதிவான அலுவலகத்திலிருந்து படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெறவேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வாகனத்துக்கு அம்மாநிலத்தின் எண்ணைப் பெறுவது சட்டப்படி கட்டாயம். கர்நாடகத்தில் வாழ்நாள் வரியும் செலுத்தவேண்டும். கிருஷ்ணகிரியில் மலிவாகக் கிடைத்த கார் இவ்வரியைச் சேர்த்தபின் மலிவாக இராது. கார் திருட்டுப் போனதாகப் பதிவாகியுள்ளதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் வண்டி எண், சேஸிஸ் எண், என்ஜின் எண் ஆகியவற்றைக் கொடுத்து எவரும் பார்க்கலாம். சேஸிஸ் எண்ணைச் சான்றில் படித்தால் போதாது. காரின் உடலில் பொறித்துள்ள எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

பழைய கார் வணிகர் வழியே வாங்குவோர், அவர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, உரிமையாளர் காரை அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29-சி மூலம் தெரிவிக்கவேண்டும். அதன்பின் அவ்வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். முன்னர்க் கூறிய, பெயர் நிரப்பாத கையொப்பத் தாள் வழக்கத்துக்கு இது தக்க மாற்று. அங்கீகாரமில்லாத தரகருக்கு இது பொருந்தாது.

வாங்கியபின் காலக்கெடு உண்டு. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். காப்பீட்டை மாற்ற வாங்கியவருக்கு 14 நாள். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு சட்டப்படி தானே மாறிவிடும். உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு பெயர் மாற்றும்வரை உங்களுக்குக் கிட்டாது. கண்ணாடியில் ஒட்டியுள்ள ஃபாஸ்டேக் பழைய உரிமையாளரின் கணக்கோடு இணைந்தது. அதை அவர் மூடியபின் புதியதைப் பெறுங்கள். இல்லையேல் உங்கள் சுங்கக் கட்டணம் அவர் கணக்கிலிருந்து கழியும். அப்போது அவரே உங்களைத் தேடி வருவார்.