பூட்டான் போற்றிய யப்பானியக் கமக்காரர்

உழவுக்குத் தனியோர் அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். அத்தொழிலின் மேன்மையை அவர் ஒரு நாட்டார்க்கோ ஒரு குலத்தார்க்கோ உரியதாக்கிக் கூறினாரல்லர். எந்நாட்டு நிலமாயினும் பேணுவோர்க்கு அது விளைவு தரும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர், இமயமலைச் சாரலிலுள்ள பூட்டான் நாட்டில் இருபத்தெட்டாண்டுகள் உழைத்து அங்கேயே உயிர் நீத்த யப்பானியக் கமத்தொழில் அறிஞர் கெயிஜி நிஷியோக்கா ஆவர். ஆசிரியரும் மாணவரும் அறியத்தக்கது அவர் வரலாறு.

அவ்வரலாற்றில் நமது கொழும்பு நகரின் பெயரும் இடம்பெறுகின்றது. 1950 ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் கொழும்பிற் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாட்டிலே தோன்றியது கொழும்புத் திட்டம். 1954 இல் யப்பானும், 1962 இற் பூட்டானும் அதிற் சேர்ந்தன. நெடுங்காலம் வெளியுலகத் தொடர்பின்றி வாழ்ந்த பூட்டான், 1961 இலேதான் தன் முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அந்நாட்டு மக்களுட் பெரும்பாலார் கமக்காரர். அவர்களுக்கு வழிகாட்ட வல்ல ஒருவர் வேண்டப்பட்டார். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1964 இல் அங்குச் சென்றவரே நிஷியோக்கா.

அவர் 1933 இற் சியோல் நகரிற் பிறந்தவர். ஒசாக்கா மாகாணப் பல்கலைக்கழகத்திற் கமத்தொழில் பயின்றவர். அங்கே அவருக்கு ஆசிரியராயிருந்த தாவரவியலறிஞர் நாக்காவோ சசுக்கே, 1958 இற் பூட்டானிற் பயணஞ் செய்து அந்நாட்டின் இயல்பை அறிந்திருந்தார். மாணவர் நெஞ்சில் இமய நாடுகளைப்பற்றிய ஆர்வம் வேரூன்ற ஆசிரியர் துணையாயினார். இரண்டாண்டுப் பணிக்கென்றே நிஷியோக்கா புறப்பட்டார். மனைவியார் சத்தோக்கோவும் உடன் சென்றார்.

சென்ற இடத்தில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு பெரிதன்று. இவ்விளைஞர் என்ன செய்துவிடப் போகின்றார் என்ற ஐயமே அலுவலரிடையே நிலவியது. அவருக்குத் தரப்பட்டது ஏறத்தாழ 200 சதுர மீற்றர் நிலம். நம் யாழ்ப்பாணத்துக் கணக்கில் அஃது ஒரு பரப்புக்கும் குறைவு. உதவிக்கென விடப்பட்டோர் மூன்று சிறுவர். வேறொருவராயின் மனங்கசந்து முறையீடு எழுதியிருத்தல் கூடும். நிஷியோக்கா மண்வெட்டியை எடுத்தார். யப்பானிய முள்ளங்கி முதலிய மரக்கறிகளைப் பயிரிட்டார். பருத்து விளைந்த முள்ளங்கியைக் கண்டோர் வியந்தனர். அவர் வாதாடி நிலைநாட்ட வேண்டியதனை விளைச்சல் நிலைநாட்டியது. பின்னர் மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக்கின் ஆதரவும், பாரோப் பள்ளத்தாக்கிற் பொந்தே என்னுமிடத்திற் பரந்ததொரு பண்ணையும் அவருக்கு வாய்த்தன. இரண்டாண்டுத் தவணை நீண்டுகொண்டே சென்றது.

பூட்டானியர் நெல்லை நெடுங்காலமாக விளைவித்து வந்தவர்கள். ஆயினும் நாற்றினை ஒழுங்கின்றி நடுவதே வழக்கமாயிருந்தது. வரிசையாக நட்டால் பயிர்க்கு ஒளியும் காற்றும் செவ்வனே கிட்டும். இடையே சென்று களை பறித்தலும் எளிதாகும். இதனை அவர் வயலிலே நட்டுக் காட்டினார். மூதாதையர் வழக்கத்தைக் கைவிட மக்கள் முதலில் இசைந்திலர். அவர் வற்புறுத்தினாருமல்லர். ஒருவர் வயலில் விளைச்சல் மிகக் கண்டு அடுத்தவர் பின்பற்றினர். அவரைக் கண்டு அயலூரார் பின்பற்றினர்.

அவருடைய ஆற்றலுக்குக் கடுஞ்சோதனையாக அமைந்தது 1976 முதல் 1980 வரை ஷெம்காங் மாவட்டத்தில் அவர் ஆற்றிய பணி. அது தென்பூட்டானிலுள்ள காட்டு நிலம். காட்டை வெட்டி எரித்து விதைத்து, மண்வளங் குன்றியதும் வேறிடம் பெயரும் சேனைப் பயிர்ச்செய்கையே அங்கிருந்தோர்க்கு வாழ்வளித்தது. அவர்களை நிலையான நெல்வயலுக்கு உரியோராக்குதல் அரசின் நோக்கம். பெரிய இயந்திரங்களையும் கொங்கிறீற்றையும் கொண்டு அதனைச் செய்திருக்கலாம். ஆயின் அவை பழுதுற்றால் திருத்துவார் யார்? இக்கேள்வியை நிஷியோக்கா முன்னதாகவே எழுப்பிக்கொண்டார். மூங்கிலும் குழாயும் கொண்டு நீர் கொணர்ந்தார். கம்பி வடத்தால் தொங்கு பாலங்கள் அமைத்தார். ஊர்தோறும் மக்களோடு அமர்ந்து பேசி, அவர்கள் கைகளாலேயே அவற்றைச் செய்வித்தார். இவ்வாறு பதினேழு பாலங்கள் எழுந்தன. 60 ஹெக்டேர், அஃதாவது ஏறத்தாழ 150 ஏக்கர், நெல்வயலாயிற்று.

1980 இல் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் அவருக்குத் ‘தாஷோ’ என்னும் உயர் பட்டத்தை வழங்கினார். பிறநாட்டார் ஒருவர் பெறுதற்கரிய சிறப்பு அது. அதன்பின்னும் அவர் வயலை விட்டகன்றாரல்லர். 1992 மார்ச் 21 ஆம் நாள், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில், நோயுற்றுப் பூட்டானிலேயே காலமானார். அரச மரியாதையோடு அவருக்கு இறுதிக்கடன் நிகழ்ந்தது. பொந்தேயில் அவர் நினைவாகச் சைத்தியம் ஒன்று எழுப்பப்பட்டுள்ளது.

ஒரு நாட்டுக்கு மற்றொரு நாடு உதவுதல் என்பது இன்று பெரும்பாலும் தொகைகளாற் பேசப்படுகின்றது. இத்தனை கோடி தந்தோம் என்பர் ஒரு சாரார். இத்தனை கோடி பெற்றோம் என்பர் மறுசாரார். தந்தவர் மீண்டபின் அவ்வுதவி நிலைத்ததா என்று வினவுவோர் சிலரே. நிஷியோக்கா செய்த ஒவ்வொன்றும் அவ்வினாவை முன்வைத்துச் செய்தது. பெறுவோர் கைக்கு எது அடங்குமோ அதனையே அவர் கொடுத்தார். கொடுக்கும் வகையை அவர்களிடமே கேட்டறிந்தார்.

ஆசிரியத்தொழில் புரிவோர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. பின்னாளில் ஒரு நாடு முழுவதும் பயன்கொண்ட அவரது கல்வி, ஒரு பரப்புக்குக் குறைந்த நிலத்தில், மூன்றே மாணாக்கரோடு தொடங்கியது. கரும்பலகையுமில்லை, பாடநூலுமில்லை. மாணாக்கர் எண்ணிக்கை சிறிதென்று அவர் பாடத்தைச் சுருக்கினாரல்லர்.