சர்ப்பங்களின் சிறைவாசமும் விடுதலையும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால் நடுங்குகிற படையின் கையில் தடியும் இருப்பதால், சந்திப்பின் முடிவில் மடிவது பெரும்பாலும் பாம்பேயாகும். இப்படி மடிந்து மடிந்து ஓர் இனமே பூண்டற்றுப் போகும் நிலை வந்தால், எஞ்சியவற்றைக் கூண்டிலடைத்து இனவிருத்தி செய்வது நியாயமா? அது உபகாரமா, சிறைவாசமா? ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு ராஜ்யங்களில் பதினைந்து வருஷங்களுக்கு மேலாக நடந்துவரும் ஒரு முயற்சி இக்கேள்விக்கு விடை பகர்கிறது. சிறை என்றால் என்ன, விடுதலை என்றால் என்ன என்பதைப் பிறர் சொல்லி அறிய வேண்டாத நமது தேசத்தார் அதைத் தெரிந்துகொள்வது தகும்.

நமது வயல்களில் திரியும் சாரை, மரமேறும் கொம்பேறி மூக்கன், பச்சைப் பாம்பு முதலியவை அடங்கிய பெருங் குடும்பத்தைப் பிராணி சாஸ்திர நிபுணர்கள் கொலுப்ரிடே என்று அழைக்கிறார்கள். கிழக்கு இண்டிகோ என்னும் அமெரிக்கப் பாம்பும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அவுரிச் சாயம்போல் கருநீலமாய் வெயிலில் மின்னும் மேனியால் அதற்கு இப்பெயர் வந்தது. அது 8 அடிக்கு மேலும் வளரும். அந்நாட்டுப் பாம்புகளில் அதுவே மிக நீளமானது. அதற்கு விஷம் கிடையாது. எனினும் விஷம் நிறைந்த கிலுகிலுப்பைப் பாம்பையே பிடித்து விழுங்கிவிடும். மனிதர் கையிலெடுத்தாலோ எளிதில் கடிப்பதில்லை.

இந்தச் சாது குணமே அதற்குக் கேடாய் முடிந்தது. அழகும் சாந்தமும் ஒருங்கே உடையதாகையால், வேடிக்கைக்கு வளர்ப்போர் அதைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். குளிர்காலத்தில் அது அடைக்கலம் புகுவது கோபர் என்னும் நில ஆமை தோண்டிய வளைகளில். கிலுகிலுப்பைப் பாம்பை வேட்டையாடுவோர் அவ்வளைகளுக்குள் பெட்ரோல் ஆவியைச் செலுத்த, அவர்கள் தேடாத இண்டிகோவும் உள்ளேயே மாண்டது. எல்லாவற்றினும் பெரிய நஷ்டம் காடு போனதுதான். ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் பரவியிருந்த நீள் ஊசியிலைப் பைன் வனம், மரத்துக்காகவும் பயிருக்காகவும் அழிக்கப்பட்டு, சுமார் 30 லட்சம் ஏக்கராகச் சுருங்கிற்று. அலபாமா ராஜ்யத்தில் இண்டிகோ அடியோடு மறைந்தது. புளோரிடாவின் வடமேற்கே அப்பலாச்சிகோலா பிரதேசத்தில் 1982-க்குப் பின் அது தென்படவில்லை.

1978-ல் மத்திய சர்க்கார் அதை அபாயத்திலிருக்கும் பிராணிகளின் ஜாபிதாவில் சேர்த்துச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. ஆனால் தடையுத்தரவு மேற்கொண்டு நஷ்டம் நேராமல் தடுக்குமேயன்றிப் போனதைத் திருப்பித் தராது என்பது நீதிஸ்தலங்களை அறிந்தவர்க்குத் தெரியும். சட்டம் வேட்டைக்காரனின் கையைக் கட்டிற்று. வெறிச்சோடிய காட்டை அதனால் நிரப்ப முடியவில்லை.

அதற்கு வேறு வழி தேடினார்கள். ஜார்ஜியாவில் எஞ்சியிருந்த காடுகளில் சினையுற்ற பெண் பாம்புகளைப் பிடித்து, அலபாமாவிலுள்ள ஆபர்ன் சர்வகலாசாலைக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையிட்ட பின் தாய்ப் பாம்புகளைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டார்கள்; சிறை வைத்தது முட்டைகளையும் குட்டிகளையும் மட்டுமே. பின்னர் புளோரிடாவில் இப்பாம்புக்கென்றே ஏற்பட்ட ஓரியான் நிலையம், கூண்டில் வாழ்பவற்றையே ஜோடி சேர்த்து இனவிருத்தி செய்து வருகிறது.

இது லேசான காரியமன்று. இண்டிகோ பிற பாம்புகளைத் தின்பது. தன் இனத்தையும் விடாது. ஆகையால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அடைக்க வேண்டும். ஜோடி சேர்க்கும்போது ஆள் நின்று கவனிக்க வேண்டும். அது கூடுவது குளிர்காலத்தில். முட்டையிடுவது மே, ஜூன் மாதங்களில். ஒரு முறைக்கு 4 முதல் 12 முட்டைகள் இடும். அவை பொரிய ஏறக்குறைய 3 மாதம் செல்லும். நெருங்கிய உறவில் கூடினால் வம்சம் நலியுமாகையால், எது எதன் சந்ததியென்று வம்சாவளிக் கணக்கு எழுதி, தூரத்து உறவினவற்றையே சேர்க்கிறார்கள். குட்டிகளைச் சுமார் 2 வருஷம் வளர்த்து, பகைக்கு எளிதில் இரையாகாத பருமன் வந்த பின்பே காட்டில் விடுகிறார்கள்.

2010-ல் அலபாமாவின் கொனெக்கா தேசிய வனத்தில் 17 பாம்புகள் முதன்முதலாக விடப்பட்டன. அப்பலாச்சிகோலாவில் 2017-ல் 12 விடப்பட்டன. பின்னரும் வருஷந்தோறும் இப்பணி தொடர்ந்தது. பலன் உடனே தெரியவில்லை, ஊழியர்கள் சளைக்கவுமில்லை. 2020-ல் கொனெக்கா வனத்தில், எவர் கூண்டிலும் பிறவாமல் காட்டிலேயே பிறந்த குட்டியொன்று காணப்பட்டது. 2023-ல் அப்பலாச்சிகோலாவிலும் அத்தகைய குட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. கூண்டைத் திறந்த நாளன்று, இந்நாள்களிலேதான் விடுதலை பூர்த்தியாயிற்று என்போம்.

ஏனெனில் கூண்டைத் திறப்பது மட்டும் விடுதலையாகாது. இந்தப் பைன் வனம் சில வருஷங்களுக்கொரு முறை நெருப்பால் தீண்டப்பட்டாலன்றிச் செழிக்காது. நெருப்பை அடியோடு தடுத்து வந்த காலத்தில் புதர் மண்டிற்று, புல் அழிந்தது, புல்லைத் தின்னும் ஆமை குறைந்தது, ஆமை குறையவே பாம்புக்கு வளையில்லாமற் போயிற்று. ஆகையால் இன்று கட்டுக்குள் அடங்கிய நெருப்பை வேண்டுமென்றே வைத்து வனத்தைச் சீர்ப்படுத்துகிறார்கள். பூமியைத் திருப்பிக் கொடுக்காமல் பாம்பை மட்டும் விடுவது, வீட்டை இடித்துவிட்டுக் கைதியை அனுப்புவது போலாகும்.

தனி மனிதர் பலரும் இண்டிகோவை வளர்க்கிறார்கள். ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொன்றுக்கு அதை விற்க மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டும். சோளப் பாம்பு என்னும் மற்றொரு கொலுப்ரிடே இனத்தையோ, காட்டில் காணக் கிடைக்காத வர்ண பேதங்கள் தோன்றும்படி வளர்த்துத் தாராளமாக விற்கிறார்கள். கூண்டில் பிறந்ததை விற்றால் காட்டில் பிடிப்பது குறையும் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் வாங்குவோன் கண்ணுக்கு இனியது எதுவெனப் பார்த்துப் பொறுக்கிய சந்ததி காட்டின் பரீட்சைக்கு உரியதன்று. பூர்வீகம் தெரியாததை அவிழ்த்துவிட்டால், அது கூண்டின் வியாதியையும் காட்டுக்குள் கொண்டு போகும்.

செல்வமுடையோர் தம்மை அதற்குத் தர்மகர்த்தாக்களாகக் கருத வேண்டும் என்றார் காந்தியடிகள். உயிருள்ள செல்வத்துக்கு இவ்விதி இன்னும் அதிகமாகப் பொருந்தும். சொந்தக்காரன் தன்னிடமிருப்பதைப் பெருக்கிக்கொள்வான். தர்மகர்த்தாவோ கணக்கு எழுதுவான், உரியவனிடம் ஒப்படைப்பான், பிறகு விலகிக்கொள்வான். அருமையான பாம்பைக் கூண்டில் வைத்திருக்கும் எவனையும் நாம் கேட்க வேண்டியது, எத்தனை முட்டை பொரித்தாய் என்பதன்று. இவை திரும்பிச் செல்லும் காடு எங்கே, அதற்காக நீ செய்தது என்ன என்பதே. இதற்கு விடை கூற முடிந்தவனின் கூண்டு மட்டுமே காப்பகம் என்ற பெயருக்கு உரியது.